வால்டருக்கு இரண்டு கரை வேட்டி

போன ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்.

என் மனைவி ரோசி.

மகள் ஸ்டெல்லா. அமெரிக்காவில் நர்ஸ். இப்போது நான்காம் மாதக் கர்ப்பம். மூன்று வார லீவில் வந்திருக்கிறாள்.

என் அண்ணன் அந்தோணி. ஒரு கட்சி.

ரோசியின் தம்பி தாஸ். எனக்கு மச்சான். அண்ணன் கட்சிக்கு நேர் எதிர்க் கட்சி.

வால்டர். அமெரிக்காவில் ஸ்டெல்லாவின் பக்கத்து வீட்டுக்காரர். வெள்ளைக்காரர். வயது எழுபத்து மூன்று. நாற்பது வருஷம் லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர். மனைவி இல்லை.

வெள்ளைக்காரர் எங்கள் தெருவுக்கு வந்ததைவிட, அண்ணனும் மச்சானும் ஒரே வீட்டுக்குள் வந்ததுதான் அன்றைக்குப் பெரிய செய்தி. ஆறு வருஷம் ஆயிற்று. பஞ்சாயத்துத் தேர்தலில் ஆரம்பித்தது. அண்ணன் தன் மகன் கல்யாணப் பத்திரிகையில் தாஸ் பேரைப் போடவில்லை. அதோடு சரி. எங்கள் பக்கம் துப்பாக்கி கிடையாது. பத்திரிகையில் பேரை விட்டுவிடுவோம். ஆள் உயிரோடு இருப்பான்... ஆனால் எதிரே வந்தால் பார்க்க மாட்டோம்.

வாராவாரம் இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவன். மகாபலிபுரம், முட்டுக்காடு, செங்கல்பட்டு ஸ்டேஷன் — இதுதான் என் ரூட். எட்டாவதோடு படிப்பு நின்றது. அதிகம் பேச மாட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் அதிகம் பேசவில்லை. மற்றவர்கள் பேசியதை எழுதுகிறேன்.

பேச வேண்டியிருந்தது ஒன்றுதான். வியாழக்கிழமை ஸ்டெல்லாவுக்கு டிக்கெட். போகிறாளா, இங்கேயே இருந்து பெற்றுக்கொள்கிறாளா?

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே... இதில் என்ன கேள்வி என்பீர்கள். கேள்வி இருக்கிறது. இரண்டு வருஷம் முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் புரியும். இதுவரை இந்தப் பக்கத்தில் அதை எழுதியதில்லை. எழுதட்டுமா என்று மகளிடம் கேட்டேன். "எழுதுங்க நைனா. இன்னும் யாருக்கு மறைக்கணும்?" என்றாள்.

அப்போது முதல் கர்ப்பம். ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தைக்கு மண்டை ஓடு வளரவில்லை. பிறந்தாலும் பிழைக்காது என்று டாக்டரம்மா சொன்னார். சொல்லிவிட்டு, "இங்கே நான் ஒன்றும் செய்ய முடியாது" என்றும் சொன்னார். அந்த மாநிலத்தில் கருவைக் கலைக்கத் தடை. பிழைக்காத குழந்தை என்றாலும் அங்கே கை வைக்க டாக்டர்களுக்குப் பயம். லைசென்ஸ் போய்விடும், ஜெயில் என்கிறார்கள். அப்படியானால் என்ன வழி? முழு மாதமும் சுமந்து, பெற்று, புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் வேறாக இருக்கிற இன்னொரு மாநிலத்துக்குப் போக வேண்டும்.

மருமகன் அப்போது இங்கே இருந்தான். அவன் அப்பா இறந்து அடக்கத்துக்கு வந்தவன், திரும்பிப் போக விசா முத்திரை கிடைக்காமல் மாட்டிக்கொண்டான். அங்கே புள்ள தனி.

ரோசி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இது பாவமா?"

"தெரியாது. புள்ள தனியா கீது" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் ஊரில், கோயிலில், எல்லோரிடமும் 'தானா கலைஞ்சிடுச்சு' என்றே சொல்லி வைத்தாள்.

ஸ்டெல்லாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும். போகும்போது ஓட்டலாம். வரும்போது? அவள் இருப்பது சின்ன ஊர். ஏர்போர்ட்டும் கிட்டே இல்லை. எப்படியோ போய்க்கொள்ளலாம் என்று துணிந்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். இரண்டு நாள் தபால் பெட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான்.

கதவைத் திறந்தவர் வால்டர்.

அவர் யார் தெரியுமா? அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர். தேர்தல் சமயத்தில் வாசல் புல்லில் கட்சி போர்டு நட்டு வைப்பாராம். நம் ஊர்க் கரை வேட்டி மாதிரி. அவள் முகத்தைப் பார்த்து 'என்ன?' என்றார். இவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடியும்போதே தன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாராம். ஃபிளாஸ்க்கில் காபி. அவளுக்கு ஒரு தலையணை.

பாதி வழியில் டிஷ்யூ எடுக்க முன்னால் இருக்கிற டப்பாவைத் திறந்தாள். உள்ளே கைத்துப்பாக்கி. ஸ்டெல்லா எமர்ஜென்சி வார்டு நர்ஸ். குண்டு பட்டு வருகிறவர்களைக் கழுவித் துடைத்து டாக்டருக்குத் தயார் பண்ணுவது அவள் வேலை. ஸ்கூல் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பயப்படாதவள் அதைப் பார்த்துக் கதவோரம் ஒண்டிக்கொண்டாள்.

வால்டர் கவனித்தார். அடுத்த பெட்ரோல் பங்கில் ஓரம் கட்டினார். குண்டுகளை எல்லாம் கழற்றினார். அவள் கையில் கொடுத்தார். 'நீயே வைத்துக்கொள்' என்றார்.

கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது திருப்பிக் கொடுத்தாள்.

இதுதான் வால்டர். இந்தத் தடவை மருமகனுக்கு லீவு இல்லை என்றதும், ஸ்டெல்லாவுக்குத் துணையாக அவரே விமானம் ஏறிவிட்டார். அவர் பாஸ்போர்ட் எடுத்ததே இதற்காகத்தான்.

சரி... வேட்டிக்கு வருகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தாஸ் ஒரு புது வேட்டி கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தான். நல்ல மனசோடுதான் கொடுத்தான். ஆனால் அது கரை வேட்டி. அவன் கட்சிக் கரை. அவன் வீட்டில் வேறு வேட்டியே கிடையாது. கைலி உண்டு. எந்தக் கட்சி, என்ன கரை என்று சொல்ல மாட்டேன். எனக்கு இரண்டு வீட்டிலும் சாப்பாடு வேண்டும்.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் வால்டர் அதைக் கட்டி, மேலே ஒரு பெல்ட்டும் போட்டுக்கொண்டு, தாஸோடு டீக்கடைக்குப் போனார். யாரோ போட்டோ எடுத்தார்கள். பத்து நிமிஷத்தில் எல்லார் போனிலும் வந்துவிட்டது. அண்ணனுக்கு அவர் கட்சிக்காரர்கள் போன் மேல் போன்.

"அண்ணாத்த, உங்க தம்பி வூட்டு வெள்ளக்காரரு அவனுங்க கட்சில சேந்துட்டாராமே?"

அண்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக இல்லை. நான் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தேன். இரண்டு பேரும் மற்றவரைக் குறித்து 'அவர் வர்றாரா?' என்று கேட்டார்கள். 'தெரியாது' என்றேன். இப்போது அண்ணன் வந்து நின்றார். கையில் ஒரு பை. உள்ளே புது வேட்டி. அவர் கட்சிக் கரை.

"ஸ்டெல்லா, அந்தாளக் கூப்புடு. இத்தக் கட்டச் சொல்லு."

"பெரிப்பா, அவருக்கு இன்னா தெரியும்? துணின்னு கட்டிகினு கீறாரு."

"அவருக்குத் தெரியாது. குடுத்தவனுக்குத் தெரியும் இல்ல?"

தாஸ் உள்ளே இருந்தே, யாரையும் பார்க்காமல் சொன்னான். "அக்கா, குடுத்தவன் ஆசையாத்தான் குடுத்தான்னு சொல்லு."

"என்ன ஏண்டா தூது வுடுறீங்க? ரெண்டு பேருக்கும் வாயி கீது இல்ல?" என்றாள் ரோசி, கரண்டியோடு.

ஸ்டெல்லா வால்டருக்கு விஷயத்தை விளக்கினாள். கரை என்றால் என்ன, இரண்டு கரையும் சேர்ந்தால் என்ன ஆகும், எல்லாம். வால்டர் கவனமாகக் கேட்டார். இரண்டு வேட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு இடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, அண்ணன் கொடுத்ததை மடித்துத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டார்.

என் தெருவில் அப்படி ஒரு ஆளை யாரும் பார்த்ததில்லை.

முதலில் சிரித்தது ரோசி. அப்புறம் தாஸ். அண்ணன் சிரிக்கவில்லை... ஆனால் செருப்பைக் கழற்றினார்.

வஞ்சிரம் குழம்பு, எறா தொக்கு. நாலு பேர் வரிசையாக உட்கார்ந்தோம். நடுவில் வால்டர். அவருக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தாஸ். எதிரில் ஸ்டெல்லா. அவள்தான் இரண்டு பக்கத்துக்கும் பேச்சு மாற்றிக் கொடுத்தாள்.

தாஸ் ஆரம்பித்தான். "ஸ்டெல்லா, கேளு. அவர் வூட்ல எத்தினி துப்பாக்கி கீதுன்னு."

வால்டர் குழம்புக் கையைத் தூக்கி விரல்களைக் காட்டினார். அப்புறம் இன்னொரு கையையும் காட்டினார்.

"அடேங்கப்பா... இத்தினி பேரா சுட வர்றானுங்க?"

நாற்பது வருஷமாக ஒருத்தரும் வரவில்லை என்றாராம்.

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நம்ம ஊரு கட்சிக்காரனுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுத்துப் பாரு. தேர்தல் முடிஞ்சா ஓட்டு எண்ண ஆளு இருக்காது."

அதை ஸ்டெல்லா மொழிபெயர்த்தாள். வால்டர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. தனக்கு ஒரு மகன் இருப்பதாகச் சொன்னார். மகன் எதிர்க் கட்சி. மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. பேரப் பிள்ளையைப் போட்டோவில்தான் பார்க்கிறார். பண்டிகைக்கு மகன் வருவதில்லை.

"பத்திரிகைல பேரு போடலியா?" என்றான் தாஸ்.

அண்ணன் தலை நிமிரவில்லை.

பிறகு தாஸ் ஒரு நீளமான கேள்வி கேட்டான். நீ நல்ல மனுஷன், எங்கள் பெண்ணைப் பெற்ற பிள்ளை மாதிரி கூட்டிப் போனாய், ஆனால் அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்த கட்சிக்கு நீயே ஓட்டுப் போட்டிருக்கிறாயே, இது என்ன நியாயம், மனசு கேட்கிறதா... இப்படி. ஸ்டெல்லா நாலு வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"இன்னாம்மா, நான் இவ்ளோ கேட்டேன், நீ இத்துனூண்டு சொல்ற?"

"அவருக்குப் புரிஞ்சிடுச்சு மாமா."

புரிந்திருக்க வேண்டும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். மெதுவாகச் சொன்னார். ஸ்டெல்லா வரி வரியாகச் சொன்னாள். வயிற்றில் இருப்பது உயிர்தான், அதைக் காக்கச் சட்டம் வேண்டும் என்று நினைத்தாராம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறாராம். அந்தச் சட்டம் எங்கேயோ இருக்கிற யாருக்கோ என்று இருந்தாராம். பக்கத்து வீட்டுப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து அழுவாள் என்று நினைக்கவில்லையாம்.

"அப்புறம்? அடுத்த தேர்தல்ல மாத்திப் போட்டாரா?" இது அண்ணன்.

ஸ்டெல்லா கேட்டாள். வால்டர் 'இல்லை' என்று தலையாட்டினார். மறுபடியும் அதே கட்சிக்குத்தான் போட்டாராம்.

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவளுக்கு இது தெரிந்திருக்கிறது. முகம் மாறவில்லை.

திடீரென்று தாஸ் தொடையில் தட்டிச் சிரித்தான். "நம்ம ஆளுதான்யா இவரு! எந்தூரா இருந்தா இன்னா?"

அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கட்சி ஆட்சியில் இரண்டு முறை ரோடு போட்டார்கள். இரண்டு முறையும் அவர் வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் மழை பெய்தால் அண்ணன் வேட்டியைத் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார். தூக்கிப் பிடிப்பது அதே கரையைத்தான்.

கட்சி என்பது என்ன? நான் முப்பது வருஷமாக எல்லாக் கட்சிக்காரர்களையும் ஏற்றி இறக்குகிறேன். பின்சீட்டில் உட்கார்ந்தால் எல்லோரும் ஒரே மாதிரிதான் தூங்குகிறார்கள். இறங்கும்போது கரையைச் சரி பண்ணிக்கொண்டு போகிறார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

"மாமா, அந்தக் கொழம்பு இந்தாண்ட தள்ளுங்க" என்றான் தாஸ்.

அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னான். ஆறு வருஷத்தில் முதல் வார்த்தை. அண்ணன் தள்ளவில்லை. தானே எடுத்து ஊற்றினார்.

சமாதானம் ஆனதும் இரண்டு பேரும் சேர்ந்து என் மகள் மேல் பாய்ந்தார்கள்.

"நீ எங்கயும் போவ வேணாம். இங்கயே பெத்துக்கோ" என்றார் அண்ணன்.

"பெரிப்பா சொல்றதுதான் கரெக்டு. செங்கல்பட்டுல இல்லாத டாக்டரா?" என்றான் தாஸ்.

"நான் வளகாப்பு பண்ணி, கையில வளையல் அடுக்கி, இங்கயே வெச்சிக்கிறேன். யாரு சட்டமும் எனக்கு வேணாம்" என்றாள் ரோசி.

ஸ்டெல்லா பொறுமையாகச் சொன்னாள். "ம்மா, லீவு அவ்ளோதான். நீட்டுனா வேல போவும். வேல போனா விசா போவும். அவரு அங்க தனியா கீறாரு. வெள்ளிக்கெழம ஸ்கேன் பாத்தமே, நல்லாத்தானே கீது?"

நல்லாத்தான் இருந்தது. செங்கல்பட்டில் டாக்டரம்மா திரையைக் காட்டி, தலை நன்றாக வளர்ந்திருக்கிறது என்றார். வட்டமாகத் தெரிந்தது. ரோசி வெளியே வந்து வராந்தா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பார்க்கிங் ரசீதைத் தேடினேன்.

"இன்னிக்கு நல்லா கீது. இன்னும் மாசம் கீதே... திரும்பி ஏதாவது ஆனா?" ரோசி நேராக வால்டரைப் பார்த்தாள். தமிழிலேயே கேட்டாள். "ஆனா, நீங்க கூட்டிகினு போவீங்களா?"

ஸ்டெல்லா மொழிபெயர்க்கத் தயங்கினாள். வால்டருக்குத் தேவைப்படவில்லை. தலையை ஆட்டினார். பிறகு இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார். பார்வை குறைந்துகொண்டே போகிறது. டாக்டர் இனிமேல் நீண்ட தூரம் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். 'இருந்தாலும் ஓட்டுவேன்' என்றாராம்.

எனக்கு அது முன்பே தெரியும். பத்து நாளாக முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். ஈசிஆர் ரோட்டில் எதிரே வரும் பஸ்ஸை நான் பார்த்து ரொம்ப நேரம் கழித்துத்தான் அவர் கால் பிரேக் மிதிக்கிற மாதிரி அசையும். டிரைவரை டிரைவருக்குத் தெரியும்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அவ போவட்டும். அடுத்த மாசம் நாமளும் போறோம்."

"யாரக் கேட்டு?" என்றாள் ரோசி.

முதல் குழந்தைக்கே போவதாக இருந்தோம். விசா கேட்டு வரிசையில் காத்திருந்தோம். அது கைக்கு வந்தபோது பார்க்கக் குழந்தை இல்லை. பாஸ்போர்ட் இரண்டும் பீரோவில் கிடக்கிறது. விசாவுக்கு இன்னும் வருஷம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஸ்கேன் முடிந்து இவர்களை வீட்டில் விட்டுவிட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் வெளிநாட்டில் வண்டி ஓட்டுகிற பர்மிட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இதையெல்லாம் சொல்லவில்லை. பர்மிட் ரசீதை மட்டும் எடுத்து ரோசி முன்னால் வைத்தேன்.

ரோசி படித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வளையல அங்க கொண்டுபோவ வுடுவாங்களா?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டாள்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "நீங்க அங்க வந்து இன்னா நைனா பண்ணுவீங்க?"

"வண்டி ஓட்டுவேன்."

"அங்க ரைட் சைடு நைனா."

"ஓட்டிக்கிறேன்."

எங்கே ஓட்டுவது, எதற்கு ஓட்டுவது என்றெல்லாம் நாங்கள் பேசவில்லை. ஸ்டெல்லா எழுந்து போய்க் கை கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். வந்து, என் தட்டில் தன் மீன் துண்டை வைத்தாள். சின்ன வயசில் பிடிக்காத துண்டை அப்படித்தான் என் தட்டில் தள்ளுவாள். இது நடுத்துண்டு.

சாப்பிட்டு முடித்து அண்ணனும் தாஸும் ஒரே மின்விசிறிக்குக் கீழே படுத்துவிட்டார்கள். ரோசி யாரையோ போனில் கூப்பிட்டு வளையல் சைஸ் பேசிக்கொண்டிருந்தாள். நானும் வால்டரும் வண்டி ஷெட்டுக்குப் போனோம். எனக்கு அவர் பாஷை தெரியாது. அவருக்கு என் பாஷை தெரியாது. ரோடு இரண்டு பேருக்கும் தெரியும்.

பானெட் மேல், சவாரிக் கணக்கு எழுதுகிற டிரிப் ஷீட் ஒன்றைத் திருப்பிப் போட்டேன். பேனாவைக் கொடுத்தேன். ஸ்டெல்லா வீட்டிலிருந்து கோடு போட ஆரம்பித்தார். எங்கே பெட்ரோல், எங்கே பாத்ரூம் சுத்தம், எங்கே போலீஸ் மறைந்து நிற்பான், எங்கே காற்று வண்டியைத் தள்ளும் — எல்லாவற்றையும் படமாகப் போட்டார். மாநில எல்லைக்கு ஒரு தடித்த கோடு. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சிலுவை. கோயில் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி.

தேவைப்படாது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தலை வட்டமாக இருந்ததை நான்தான் பார்த்தேனே? ஆனால் எந்த சவாரியானாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். விரலைக் கோட்டின் இந்த முனையில் வைத்தேன். அந்த முனை வரைக்கும் இழுத்தேன். அவரைப் பார்த்தேன்.

புரிந்துகொண்டார். மைலில் எழுதினார். நான் போனில் கிலோமீட்டராக மாற்றி, பக்கத்தில் எழுதி, மடித்து, பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன்.

எண்ணூற்று அறுபத்து ஒன்பது.